போரில் இறந்தோர் பெயரில் எழுந்த பல்கலைக்கழகக் கட்டடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் அன்றாடம் புழங்கும் உணவுக்கூடம், ஆட்டம் பார்க்கும் அரங்கம், பட்டமளிப்பு நாளில் கடந்து செல்லும் மணிக்கோபுரம் ஆகியவற்றில் பல, போரில் இறந்த மாணவர்களின் நினைவாகப் பணம் திரட்டிக் கட்டப்பட்டவை. ‘மெமோரியல் யூனியன்’, ‘மெமோரியல் ஸ்டேடியம்’ என்ற பெயர்கள் வாயில் புழங்கிப் புழங்கி, அவை யாருடைய நினைவைச் சொல்கின்றன என்ற கேள்வியே மறைந்துவிட்டது. அந்தப் பணம் எப்படி வந்தது, என்ன சொல்லிக் கேட்கப்பட்டது, சொன்ன சொல் காப்பாற்றப்பட்டதா என்பவை பற்றிய கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறேன்.

சிலையும் தூணும் இருக்க, ஒரு கட்டடம் எப்படிப் போர் நினைவிடம் ஆகும்?

இறந்தவர்களின் பெயரால் பணம் கேட்டு, அந்தப் பணத்தில் கட்டி, அவர்களுடைய பெயர்களைக் கட்டடத்திலேயே பொறித்து, அவர்களுக்கே அதை உரிமையாக்கி அறிவித்தால் அது நினைவிடம். நடுகல்லில் வீரனின் பெயரையும் பெருமையையும் பொறித்த மரபை அறிந்த நமக்கு, பெயர் பொறிப்பதன் எடையைத் தனியே விளக்க வேண்டியதில்லை. நடுகல்லை வழிபடப் போகிறவர் அதற்காகவே போகிறார்; ஆனால் உணவுக்கூடத்துக்குப் போகிறவர் சாப்பிடப் போகிறார். நினைவு அங்கே வழியில் எதிர்ப்பட வேண்டிய ஒன்று. இந்தக் கட்டடங்களின் சிறப்பும் சிக்கலும் அந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

இந்த வழக்கம் எங்கே தொடங்கியது?

பெரிய அளவில் முதலில் செய்து காட்டியவற்றுள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மெமோரியல் ஹால் முக்கியமானது. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தவுடன் முன்னாள் மாணவர்கள் குழு அமைத்து 3,70,000 டாலர் திரட்டினார்கள். அன்றைக்கு ஹார்வர்டின் மொத்த நிதி வைப்பில் அது பன்னிரண்டில் ஒரு பங்குக்குச் சமம் என்றால், அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்பது விளங்கும். 1870இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஒரு பக்கம் பெரிய உணவுக்கூடம், மறுபக்கம் சாண்டர்ஸ் அரங்கம், இரண்டுக்கும் நடுவே உயர்ந்த மரக்கூரையுடன் ஒரு நடைக்கூடம். அந்த நடைக்கூடத்தின் சுவர்களில் வெள்ளைச் சலவைக்கல் பலகைகளில், வடமாநிலங்களின் ஒன்றிய அரசின் பக்கம் நின்று இறந்த 136 ஹார்வர்டு மாணவர்களின் பெயர்கள் இருக்கின்றன.

உணவுக்கூடத்திலும் அரங்கத்திலும் மக்கள் நிறைந்திருப்பார்கள். நடுவில் இருக்கும் நினைவுக்கூடத்தில் யாரும் தங்குவதில்லை, கடந்து போகிறார்கள். ஆனால் ஒரு வாசலிலிருந்து மறு வாசலுக்குப் போகும் எவரும் அந்தப் பெயர்களுக்கு நடுவேதான் போக வேண்டியிருக்கிறது. பயனுக்கும் நினைவுக்கும் இடையே இதைவிட நேர்த்தியான உடன்பாட்டைப் பின்னால் வந்தவர்கள் அதிகம் கண்டுபிடிக்கவில்லை என்பது என் கருத்து.

முதல் உலகப் போருக்குப் பிறகு இத்தனை பல்கலைக்கழகங்கள் ஒரே சமயத்தில் இதில் இறங்கியது ஏன்?

துயரமும் தேவையும் ஒன்றாக வந்து சேர்ந்தன. 1920ஐ ஒட்டி அமெரிக்க உயர்கல்வியில் ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்கள் இருந்தார்கள். பத்தே ஆண்டில் அது 11 லட்சத்தை எட்டியது. கூடிப் பேச இடமில்லை, ஆட்டம் பார்க்க மரப்படிக்கட்டுகள் போதவில்லை. அதே சமயம் ஒவ்வொரு வளாகத்திலும் பத்து, நூறு என்று பிள்ளைகள் திரும்பி வராமல் போயிருந்தார்கள். ஊர்ச் சதுக்கங்களில் அச்சில் வார்த்தது போல ஒரே சாயலில் நின்ற உள்நாட்டுப் போர்ச் சிலைகளைப் பார்த்துச் சலித்துப்போன தலைமுறை அது. “உயிரோடிருப்பவர்களுக்குப் பயன்படுவதே இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை” என்ற வாதம் அவர்களிடம் எளிதில் எடுபட்டது. அப்படிப்பட்ட கட்டடங்களை ‘வாழும் நினைவிடம்’ என்றார்கள்.

எதிர்வாதமும் அன்றே எழுந்தது. எப்படியும் கட்டியாக வேண்டிய ஒன்றுக்கு இறந்தவர்களின் பெயரை ஏன் இழுக்க வேண்டும் என்பதே அது. அந்தக் கேள்விக்கு இன்றும் வலு குறையவில்லை. அதைக் கேட்டுக்கொள்ளாமல் எந்தப் பல்கலைக்கழகமும் இப்படி ஓர் உண்டியலைக் கையில் எடுக்கக் கூடாது என்றே நினைக்கிறேன்.

பணத்தை எப்படித் திரட்டினார்கள்?

போருக்குப் பணம் திரட்டிய அதே முறையில்தான் போர் நினைவிடத்துக்கும் திரட்டினார்கள். 1917, 1918 ஆண்டுகளில் அமெரிக்க அரசு ‘லிபர்ட்டி லோன்’ என்ற பெயரில் போர்க்கடன் பத்திரங்களை நான்கு சுற்றுகளாக மக்களிடம் விற்றது. ஊருக்கு இவ்வளவு என்று இலக்கு, தெருவுக்கு ஒரு குழு, குழுவுக்குத் தலைவர், கொடுத்தவர் சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லை, கொடுத்தவர் பட்டியலை வெளியிடும் நாளிதழ் என்று அது ஒரு முழு இயந்திரமாகவே இயங்கியது. அந்த இயந்திரத்தை இயக்கப் பழகியவர்கள் போர் முடிந்ததும் பல்கலைக்கழகங்களின் பக்கம் வந்தார்கள். லிபர்ட்டி லோன் விளம்பரப் பணியில் இருந்த ஜான் பிரைஸ் ஜோன்ஸ் என்பவர் 1919இல் ஹார்வர்டின் பெரும் நிதி இயக்கத்தை நடத்தி, பிறகு நிதி திரட்டலையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்தைத் தொடங்கினார். கல்வி நிறுவனங்களுக்குத் தரும் கொடைக்கு வருமான வரியில் கழிவு தரும் ஏற்பாடும் 1917ஆம் ஆண்டின் போர் வருவாய்ச் சட்டத்தில்தான் முதன்முதலில் நுழைந்தது.

வளாகத்தில் இது நடந்த விதம் எளிமையானது. பெருங்கூட்டம் ஒன்றைக் கூட்டுவார்கள். இறந்தவர்களைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு வாக்குறுதிச் சீட்டுகள் கைமாறும். இவ்வளவு தொகையை இத்தனை ஆண்டுகளில் தவணையாகத் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். கையில் காசில்லாத மாணவனும் நாளைய சம்பளத்தை நம்பி நூறு டாலர் எழுத முடிந்தது அதனால்தான். இல்லினாய் பல்கலைக்கழக மெமோரியல் ஸ்டேடியத்துக்கு மாணவர்கள், முன்னாள் மாணவர்கள், பிறர் என 21,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்து சுமார் 17 லட்சம் டாலர் கொடுத்தார்கள். கன்சாஸ் பல்கலைக்கழகம் 1920இல் ‘மில்லியன் டாலர் இயக்கம்’ என்றே பெயர் வைத்து, போரில் இறந்த தன் 129 பேரின் நினைவாக ஓர் ஆட்ட அரங்கத்துக்கும் ஒரு மாணவர் மன்றக் கட்டடத்துக்கும் பணம் கேட்டது. 1921 மே 10 அன்று அங்கே வகுப்புகளை நிறுத்திவிட்டு, மாணவர்களும் பேராசிரியர்களும் சேர்ந்து பழைய மைதானத்தின் மரப்படிக்கட்டுகளைத் தங்கள் கையாலேயே பிரித்துப் போட்டார்கள். பணம் கொடுக்க முடியாதவன் உடலுழைப்பைக் கொடுத்த நாள் அது. நிதி இயக்கங்களின் வரலாற்றில் என் மனத்தைத் தொட்ட காட்சிகளில் அதுவும் ஒன்று.

விஸ்கான்சின் பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. 50 டாலர் கொடுத்தால் மெமோரியல் யூனியனில் ஆயுள் உறுப்பினர் என்று அறிவித்தார்கள். 1925இல், முதல் உலகப் போர் நின்றதை நினைவுகூரும் போர்நிறுத்த நாளில், மண் வெட்டித் தொடங்கிய அந்தக் கட்டடம் 1928இல் திறக்கப்பட்டது. கொடை என்ற சொல்லுக்குள் உரிமை என்ற உணர்வையும் வைத்துத் தைத்த அந்த ஏற்பாடு மிகச் சாதுரியமானது. இறந்தவர்களுக்காகக் கொடுத்தவர் தமக்காகவும் கொடுத்தவர் ஆனார்.

எழுதிக் கொடுத்தவர் பிறகு தர மறுத்தால்?

பல இயக்கங்களில் எழுதப்பட்ட தொகைக்கும் வந்து சேர்ந்த தொகைக்கும் இடைவெளி இருந்தது. 1920இன் இறுதியில் விளைபொருள் விலை சரிந்தது. 1929இல் பெருமந்தம் வந்தது. உழவர் வீட்டுப் பிள்ளைகள் எழுதிய சீட்டுகளை எதைக் கொண்டு வசூலிப்பது?

சட்டம் இதைப் பார்த்த விதத்துக்குப் போர் நினைவிடம் அல்லாத ஒரு வழக்கு நல்ல சான்று. மேரி யேட்ஸ் ஜான்ஸ்டன் என்ற பெண்மணி 1921இல் அலெகெனி கல்லூரிக்கு 5,000 டாலர் எழுதிக் கொடுத்தார். தாம் இறந்து 30 நாளில் அது சேர வேண்டும், தம் பெயரில் நினைவு நிதியாக அது வழங்க வேண்டும் என்பவை அவருடைய விருப்பம். உயிரோடிருக்கும்போதே 1,000 டாலரைச் செலுத்தினார். பின்னர் மனம் மாறி, எழுதியது செல்லாது என்றார். அவர் இறந்தபின் மீதி 4,000 டாலருக்குக் கல்லூரி வழக்குத் தொடர்ந்தது. 1927இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கார்டோசோ கல்லூரியின் பக்கம் தீர்ப்பளித்தார். முதல் ஆயிரத்தை வாங்கிய கணமே அந்தப் பெயரை நிலைநிறுத்தும் கடமையைக் கல்லூரி தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அந்தக் கடமைக்கு ஈடாகக் கொடுத்தவரின் வாக்கும் கட்டுப்படுத்தும் என்பது அவருடைய தர்க்கத்தின் சாரம்.

இதன் மறுபக்கத்தைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நினைவின் பெயரால் பணம் வாங்குவது இரு பக்கமும் கட்டுகிற முடிச்சு. கொடுப்பவர் கொடுத்தாக வேண்டும் என்றால், வாங்கியவர் நினைவைக் காத்தாக வேண்டும். தவணை முடிந்ததும் கொடுத்தவரின் கடன் தீர்ந்துவிடும்; வாங்கியவரின் கடன் தீர்வதில்லை.

ஆரவாரம் நிறைந்த ஆட்ட அரங்கம் இறந்தவர்களுக்கு ஏற்ற இடமா?

இதற்கு அரங்கத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். இல்லினாயில் கிழக்கிலும் மேற்கிலும் வரிசையாக நிற்கும் ஏறக்குறைய 200 தூண்களில், ஒரு தூணுக்கு ஒரு பெயர் என்று முதல் உலகப் போரில் இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். பெருஞ்சுவர் ஒன்றில் இருநூறு பெயர்களை அடுக்கியிருந்தால் அது பட்டியல். தனித்தூணில் தனிப்பெயர் என்றால் அதன் கீழே நிற்கிறவர் ஒருவரைச் சந்திக்கிறார். அரங்கத்தின் பாரத்தைத் தாங்குவது அந்தப் பெயருடையவனே என்ற உணர்வு வராமல் போகாது. 1924 அக்டோபர் 18 அன்று மிச்சிகன் அணிக்கு எதிரான ஆட்டத்தோடு அந்த அரங்கம் முறைப்படி அர்ப்பணிக்கப்பட்டது. அன்று ரெட் கிரேஞ்ச் என்ற அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர் முதல் 12 நிமிடத்தில் நான்கு முறை இலக்கைத் தொட்டார். இன்றுவரை அந்த நாள் நினைவுகூரப்படுவது அவருக்காகத்தான், தூண்களுக்காக அல்ல. அரங்கத்தை நினைவிடமாக்குவதில் உள்ள இடர் அந்த ஒரே பிற்பகலில் தெரிந்துவிட்டது.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 1924இல் எழுந்த அரங்கம், முதல் உலகப் போரில் பணியாற்றிய 1,98,520 டெக்சஸ் மாநிலத்தவருக்கும் அவர்களுள் இறந்த 5,280 பேருக்கும் உரியதாக அர்ப்பணிக்கப்பட்டது. 1996இல் புகழ்பெற்ற பயிற்சியாளர் ஒருவரின் பெயர் அதன் முன்னால் சேர்ந்தது. அந்தப் பயிற்சியாளரின் தகுதியில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும், ஏற்கெனவே ஐயாயிரம் பேருக்குக் கொடுத்த வீட்டின் வாசலில் இன்னொருவர் பெயரை முதலில் எழுதுவது சரியாகப் படவில்லை.

யார் யாருடைய பெயர்களைப் பொறிப்பது என்பதில் சண்டை வரவில்லையா?

வந்தது, இன்னும் முடியவில்லை. ஹார்வர்டின் மெமோரியல் ஹாலில் தென்மாநிலங்களின் கூட்டமைப்புக்காகப் போரிட்டு இறந்த ஹார்வர்டு மாணவர்கள் இல்லை. அடிமை முறையைக் காக்க நின்ற பக்கம் அது என்பதால் அந்த முடிவில் எனக்கு உடன்பாடு உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் நசாவ் ஹாலில் இரு பக்கத்துப் பெயர்களும் யார் எந்தப் பக்கம் என்ற குறிப்பே இல்லாமல் கலந்து நிற்கின்றன. யேலும் 1915இல் இரு தரப்பையும் சேர்த்தே நினைவுகூர்ந்தது. அதே ஹார்வர்ட், 1932இல் போர்நிறுத்த நாளன்று அர்ப்பணித்த மெமோரியல் தேவாலயத்தில், முதல் உலகப் போரில் ஜெர்மனியின் பக்கம் நின்று இறந்த தன் மாணவர்களை மறக்கவில்லை என்று லத்தீனில் ஒரு பலகை வைத்தது. ஒரே நிறுவனம், இரண்டு போர், இரண்டு நீதி.

கட்டடமே இல்லாமல் நினைவிடம் எழுப்பியவர்கள் உண்டா?

உண்டு, அவர்களே என் மதிப்பில் உயர்ந்து நிற்கிறார்கள்.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தார் முதல் உலகப் போரின் நினைவாக ஒரு பல்கலைக்கழகத்தையே தொடங்க விரும்பினார்கள். தாமஸ் ஃபீல்டிங் ஜான்சன் என்ற தொழிலதிபர், முன்பு மனநல விடுதியாகவும் போர்க்காலத்தில் ராணுவ மருத்துவமனையாகவும் இருந்த கட்டடத்தை நிலத்தோடு விலைக்கு வாங்கி 1919இல் அதற்குக் கொடுத்தார். 1921இல் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களுடன் கல்லூரி தொடங்கியது. 1957இல் முழுப் பல்கலைக்கழகம் ஆனது. ‘அவர்கள் வாழ்வு பெறும்படியாக’ என்று பொருள்படும் லத்தீன் தொடரே அதன் குறிக்கோளுரை. நியூஃபவுண்ட்லாந்தின் கதை இதைவிடக் கனமானது. 1916 ஜூலை 1 காலையில் பிரான்சின் போமோன் ஹாமெலில் இன்று கனடாவின் பகுதியாக உள்ள அந்தத் தீவின் படைப்பிரிவிலிருந்து சுமார் 800 பேர் முன்னேறினார்கள். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது குரல் கொடுத்தவர்கள் 68 பேர். அந்தத் தீவு தன் இறந்த பிள்ளைகளுக்காக 1925இல் திறந்த கல்லூரியின் பெயர் வெறுமனே ‘மெமோரியல்’. இன்றும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் அதுவே. அங்கே பட்டம் பெறும் ஒவ்வொருவரின் சான்றிதழிலும் நினைவு என்ற சொல் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1948இல் ‘மெமோரியல் ஃபீனிக்ஸ்’ திட்டத்தை அறிவித்தது. ஹிரோஷிமாவுக்குப் பின் மூன்றே ஆண்டில், அணு ஆற்றலை அமைதிப் பணிக்குப் பயன்படுத்தும் ஆராய்ச்சியையே போரில் இறந்தவர்களின் நினைவிடமாக்கினார்கள். ஃபோர்டு நிறுவனம் தந்த கொடையில் அமைந்த அணு உலை 1957 முதல் 2003 வரை இயங்கியது. இதிலும் ஒரு குறை உண்டு: உலை நின்ற பிறகு நினைவு எங்கே நிற்கும்?

காலம் மாறியபின் பெயரை எடுத்துவிட முடியுமா?

எடுக்கலாம், ஆனால் வாங்கிய பணம் பின்தொடர்ந்து வரும். தென்மாநிலங்களின் கூட்டமைப்பை (கான்ஃபெடரசி) போற்றும் ‘கூட்டமைப்பின் புதல்வியர்’ என்ற அமைப்பு 1930களின் தொடக்கத்தில் நாஷ்வில் நகரின் பீபாடி கல்லூரிக்கு 50,000 டாலர் கொடுத்தது. 1935இல் ‘கான்ஃபெடரேட் மெமோரியல் ஹால்’ என்ற விடுதி எழுந்தது. பீபாடி பின்னாளில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 2002இல் வாண்டர்பில்ட் ‘கான்ஃபெடரேட்’ என்ற சொல்லை நீக்க முயன்றபோது அந்த அமைப்பு நீதிமன்றம் போயிற்று. பெயரை நீக்குவதானால் கொடையை இன்றைய மதிப்பில் திருப்பித் தர வேண்டும் என்று 2005இல் டென்னசி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2016இல் பெயர் வெளியிடாத கொடையாளர்கள் தந்த 12 லட்சம் டாலரைக் கொடுத்து அந்தச் சொல்லை வாண்டர்பில்ட் இறக்கியது. அந்தச் சொல்லுக்குக் கீழே படுத்துறங்க வேண்டியிருந்த கறுப்பின மாணவர்களை நினைத்தால், அந்தத் தொகை வீணான செலவல்ல.

கட்டடம் பழுதானால் அல்லது இடிக்கப்பட்டால் நினைவு என்ன ஆகும்?

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மெமோரியல் ஸ்டேடியம் 1924இல் திறக்கப்பட்டு 1992இல் இடிக்கப்பட்டது. அதன் நுழைவு வளைவை மட்டும் காப்பாற்றி, பின்னர் எழுந்த முன்னாள் மாணவர் மையத்துக்குள் நிறுத்தியிருக்கிறார்கள். பெர்க்லியின் கலிஃபோர்னியா மெமோரியல் ஸ்டேடியம் 1923இல் ஹேவர்ட் என்ற நிலநடுக்கப் பிளவின் மீதே கட்டப்பட்டது. அரங்கத்தின் இரு பாதிகளும் பிளவின் இரு பக்கம் மெல்ல மெல்ல விலகின. 2012இல் முடிந்த சீரமைப்புக்கு 32 கோடியே 10 லட்சம் டாலர் செலவாயிற்று. அதன் கடன் பல்கலைக்கழகத்தை நெடுங்காலம் அழுத்தியது. கட்டும்போது திரட்டும் பணத்தில் பராமரிப்புக்கென்று ஒரு பங்கை ஒதுக்காமல் நினைவிடம் கட்டுவது, பேரப்பிள்ளைகளின் பெயரில் கடன் வாங்குவதற்கு ஒப்பாகும்.

இன்று இப்படி ஒரு நிதிக்குக் கொடுக்க நினைப்பவர் என்ன கேட்க வேண்டும்?

பெயர்கள் கட்டடத்தில் எங்கே வரும் என்பதை முதலில் கேளுங்கள். எல்லோரும் நடக்கும் வழியிலா, பூட்டிய அறையிலா? பட்டியலைச் சரிபார்ப்பவர் யார், விடுபட்ட பெயரைப் பின்னால் சேர்க்க இடம் உண்டா என்று கேளுங்கள். பெருங்கொடையாளரின் பெயர் இறந்தவர்களின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் வருமா என்பதைத் தயங்காமல் கேளுங்கள். இடித்தால் பெயர்கள் எங்கே போகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இவற்றுக்கு விடை இல்லாத இடத்தில், வெறும் கட்டட நிதி என்று சொல்லிக் கேட்டால் கொடுக்கலாம்; நினைவு என்று சொல்லிக் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

அங்கே படிக்கும் நம் பிள்ளைகள் எப்படி நடந்துகொள்வது முறை?

டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் மெமோரியல் ஸ்டூடன்ட் சென்டருக்குள் தொப்பியோடு நுழைவதில்லை. அதைச் சுற்றியுள்ள புல்வெளியில் யாரும் கால் வைப்பதில்லை. புதிதாக வந்தவர் குறுக்கு வழி என்று புல்லில் இறங்கினால், முன்பின் தெரியாத யாராவது மரியாதையோடு நிறுத்திச் சொல்வார்கள். கோபப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மெமோரியல் யூனியன் 1928இல் திறக்கப்பட்டது. அதன் வடக்கு வாசலில் ‘கோல்ட் ஸ்டார் ஹால்’ இருக்கிறது. முதல் உலகப் போரில் இறந்த 117 பெயர்கள் சுவரில் உள்ளன, அவர்களுள் ஹார்டென்ஸ் விண்ட் என்ற ஒரு பெண்ணும் உண்டு. பின்வந்த போர்களின் பெயர்களும் பிறகு சேர்ந்தன. அந்த வாசல் தரையில் பன்னிரண்டு ராசிகளை வெண்கலத்தில், தரைக்கு மேலே சற்றுப் புடைத்து நிற்கும்படி பதித்திருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் மாணவர்கள் நடந்து நடந்து அவை தேய்ந்து தரையோடு சமமாகிவிடும் என்பது கட்டடக் கலைஞரின் எண்ணம். ஆனால் மிதித்தால் தேர்வில் தோற்போம் என்ற நம்பிக்கை மாணவர்களிடையே பரவிவிட்டதால், எல்லோரும் சுற்றிக்கொண்டு போகிறார்கள். ராசிகள் இன்னும் தேயாமல் புடைத்தே நிற்கின்றன. அப்படிச் சுற்றிப் போகும்போது சுவரோரமாகத்தான் போக வேண்டும். அங்கே ஒரு நிமிடம் நின்று, ஒரு பெயரையாவது வாய்விட்டுப் படியுங்கள்.